போர்ச்சுகீசிய மொழியில் வேண்டியதைக் கேட்க: ஒரு சாவியும் அலமாரியும் போதும்

'அலமாரியைத் திறக்கச் சாவி வேண்டும்.' இந்த ஒரு வாக்கியத்தைப் போர்ச்சுகீசிய மொழியில் சொல்லப் பழகிவிட்டால், தேவையையும் நோக்கத்தையும் சொல்ல வந்துவிடும். அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம் சாவி அவர்களுடைய 'ஷாவ்', நம் அலமாரி அவர்களுடைய 'அர்மாரியு'. 1498-இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு நம் வீடுகளுக்குள் புகுந்து தங்கிவிட்ட சொற்கள் இவை. உச்சரிப்பை லிஸ்பன் பக்கத்துப் பேச்சை ஒட்டித் தருகிறேன்.

முதல் படி: 'வேண்டும்'

'ப்ரெசீஸு' என்றால் 'எனக்கு வேண்டும்'. இதில் வரும் 'ஸு'வை வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரச் சொல்லுங்கள். தமிழர்கள் தடுமாறுவது இங்கேதான். 'எனக்கு' என்பதற்குத் தனிச்சொல் தேடாதீர்கள். யாருக்குத் தேவையோ அவரே அங்கே எழுவாய். வினையின் விகுதி அவருக்கேற்ப மாறும். நமக்கு வேண்டும் என்றால் 'ப்ரெசிஸாமுஷ்'. அவருக்கு வேண்டும் என்றால் 'ப்ரெசீஸா'.

இரண்டாம் படி: 'தெ'

வேண்டிய பொருளுக்கு முன்னால் 'தெ' வர வேண்டும். தண்ணீர் வேண்டும்: ப்ரெசீஸு தெ ஆகுவா. தமிழில் 'தண்ணீர் வேண்டும்' என்பதில் உருபே இல்லை, அதனால் இந்தத் 'தெ' நம் வாயிலிருந்து எளிதில் நழுவிவிடும். விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தெரிந்த அந்தக் குறிப்பிட்ட சாவி என்றால், பெண்பால் சொல் என்பதால் 'தெ' என்பது 'தா' ஆகும்: ப்ரெசீஸு தா ஷாவ்.

ஏதாவது செய்ய வேண்டும் என்றாலும் இதே முறைதான். ரொட்டி வாங்க வேண்டும்: ப்ரெசீஸு தெ கொம்ப்ரார் பாவ்ங். (பாவ் பாஜியின் பாவ் இதுதான்.) பிரேசிலில் வினைக்கு முன் இந்தத் 'தெ'யைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல முன்னால் 'நாவ்ங்' சேர்த்தால் போதும். கடையில் பை வேண்டாம் என்றால், நாவ்ங் ப்ரெசீஸு தெ சாகு.

மூன்றாம் படி: 'எதற்கு?'

'பாரா' போட்டு, வினையை அகராதியில் இருக்கும் வடிவத்திலேயே வையுங்கள். அப்ரீர் என்பது திறத்தல். பாரா அப்ரீர் என்றால் 'திறக்க'. இப்போது முழு வாக்கியம்:

ப்ரெசீஸு தா ஷாவ் பாரா அப்ரீர் உ அர்மாரியு. (அர்மாரியு ஆண்பால் சொல்; 'அந்த' அலமாரி என்று குறிப்பிடவே முன்னால் 'உ'. பெண்பாலுக்கு 'அ'.)

தமிழில் நோக்கம் முன்னால் வரும், அங்கே கடைசியில் வரும். பெயர்ச்சொல்லோடு வந்தால் 'பாரா' நம் நான்காம் வேற்றுமை 'கு' போலவே வேலை செய்யும். மருந்துக் கடையில் இருமலுக்கு மருந்து கேட்க: ப்ரெசீஸு தெ உங் ரெமேதியு பாரா அ தொஸ். ('உங்' என்றால் 'ஒரு', 'ரெமேதியு' மருந்து, 'தொஸ்' இருமல்.)

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. 'நாங்கள் திறக்க' என்று தமிழில் சொல்வதுபோல, இந்த மொழியிலும் அந்த வினைக்குத் தனி எழுவாய் வரலாம். கூடவே ஒரு விகுதியும் ஒட்டிக்கொள்ளும்: பாரா அப்ரீர்முஷ். இப்போதைக்குக் காதில் விழுந்தால் அடையாளம் தெரிந்தால் போதும்.

அப்புறம், காபிக் கடையில் 'ப்ரெசீஸு' கொஞ்சம் கனமாக ஒலிக்கும். அங்கே 'கெரீயா உங் கஃபே, போர் ஃபவோர்' (தயவுசெய்து ஒரு காபி வேண்டும் என்று மென்மையாகக் கேட்பது) என்று கேளுங்கள்.

சரி, இனி உங்கள் முறை. மேசைக்கு 'மேசா', படித்தலுக்கு 'ஷ்துதார்'. 'படிக்க அந்த மேசை வேண்டும்' என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், மேசாவும் பெண்பால்தான்.