செய்நிரலாக்க மொழிக் கோட்பாடுகளைக் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ கணினி விஞ்ஞானம் கற்க வரும் மாணவரிற் பலர், உயர்தர ஐசிடி பாடத்துக்காகப் பைதன் எழுதிப் பழகிய கையோடு வருகின்றனர். செய்நிரலாக்க மொழிக் கோட்பாடுகள் என்ற பாடத்தைக் கண்டதும், இன்னும் நான்கைந்து மொழிகளை எழுதக் கற்றுத்தரும் பாடம் இது என்று அவர்கள் எண்ணிவிடுவதே முதற்கோணல். ஒரு மொழியை வடிவமைத்தவர் எதைப் பெறுவதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பதையே இப்பாடம் கேட்கிறது.

இந்த எண்ணத்தின் விளைவாக, கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டிவிட்டு மொழிப் பெயர்களையும் ஆண்டுகளையும் அட்டவணையாக்கி மனனம் செய்யும் வழக்கம் வருகிறது. ஃபோர்ட்ரான் என்ற மொழி 1957இல் வெளிவந்தது என்பதை அறிந்திருப்பதால் மட்டும் பெரிய பயன் இல்லை. கையால் எழுதிய இயந்திரக் கட்டளைகளுக்கு நிகரான வேகம் இல்லையென்றால் செய்நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தம் கொம்பைலரை எவரும் ஏற்கமாட்டார்கள் என்று ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பாக்கஸின் குழுவினர் கருதினர் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஆண்டுக்குப் பொருள் வருகிறது. மாறிகளுக்கு நினைவகத்தில் நிலையான இடம் ஒதுக்கப்பட்ட அம்மொழியில், ஒரு சார்பு (பெயரிட்டு அழைக்கப்படும் நிரற்பகுதி) தன்னைத்தானே அழைத்தால் பழைய பெறுமானங்களின் மேலேயே புதியவை எழுதப்பட்டுவிடும். அல்கோல் 60 என்ற மொழி அவ்வாறு தன்னைத்தானே அழைப்பதை அனுமதித்தது. அதற்கு விலையாக, ஒவ்வோர் அழைப்புக்கும் நினைவகத்தில் தனி இடம் தரும் அழைப்பு அடுக்கு தேவைப்பட்டது. ஃபோர்ட்ரானின் நியமத்தில், அதாவது அம்மொழியின் அதிகாரபூர்வ வரையறையில், இவ்வசதி 1990ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடம்பெற்றது.

தான் அறிந்த ஒரே மொழியின் நடத்தையை உலக விதியாகக் கொள்வது அடுத்த தவறு. -7ஐ 2ஆல் முழுவெண் முறையில் வகுத்தால் பைதன் -4 என்கிறது. சி மொழியோ -3 என்கிறது. மீதியும் அதற்கேற்ப ஒன்றில் 1 ஆகவும் மற்றதில் -1 ஆகவும் வருகிறது. இரண்டுமே பிழையல்ல, ஒன்று கீழ்நோக்கியும் மற்றது பூச்சியத்தை நோக்கியும் முழுமையாக்குகிறது. சி மொழியின் முதல் நியமம் எதிரெண் வகுத்தலை கொம்பைலர் எழுதுபவரின் விருப்பத்துக்கே விட்டிருந்தது, 1999இல்தான் அது உறுதிசெய்யப்பட்டது என்று சொன்னால் மாணவர்கள் நம்பத் தயங்குவார்கள்.

ஸ்கோப் எனப்படும், ஒரு பெயர் செல்லுபடியாகும் எல்லையில்தான் மிக அதிகமானோர் வழுக்கி விழுகின்றனர். அம்பாறைப் பக்கத்து நெல் வியாபாரி ஒருவருக்காக எழுதிய சிறு செய்நிரல் ஒன்றைக் கொள்வோம். எல்லாவற்றுக்கும் வெளியே ‘விலை’ என்ற மாறி 100 எனத் தரப்பட்டுள்ளது. ‘காட்டு’ என்ற சார்பு விலையை அச்சிடுகிறது. ‘சோதி’ என்ற சார்பு தனக்குள் வேறொரு ‘விலை’யை 120 என வைத்துக்கொண்டு ‘காட்டு’வை அழைக்கிறது. திரையில் வருவது எது? சார்பு எழுதப்பட்ட இடத்தைப் பார்க்கும் மொழியில் 100. அழைத்தவரைப் பின்தொடரும் மொழியில் 120. இவ்விரு முறைகளின் வரைவிலக்கணங்களை வரி பிசகாமல் ஒப்புவிக்கும் மாணவரே இந்த வினாவில் தடுமாறுவதற்குக் காரணம், அவர் அழைப்பு அடுக்கைத் தாளில் வரைந்து பார்த்ததில்லை என்பதுதான். இதைப் பைதனில் எழுதினால் 100 வரும். லினக்ஸ் கட்டளைகளை இயக்கும் பாஷ் ஷெல்லில், ‘சோதி’யின் விலையை ‘லோக்கல்’ என அறிவித்து எழுதினால் 120 வரும். இரண்டையும் இயக்குமுன் விடையை எழுதி வைத்துவிட்டு இயக்க வேண்டும். இயக்கிய பின் விளக்கம் தேடினால் எந்த விடையும் நியாயமாகவே தோன்றும்.

சார்புக்குத் தரும் உள்ளீடுகளான பரமானங்களைக் கடத்துவதிலும் இதே சிக்கல்தான். ஜாவா பொருள்களைச் சுட்டாக, அதாவது பிரதி எடுக்காமல் மூல மாறியையே சுட்டி, கடத்துகிறது என்று பலரும் எழுதுகின்றனர். உண்மையில் அது எப்போதும் பெறுமானத்தின் பிரதியையே கடத்துகிறது; பொருளாயின், அப்பொருளைச் சுட்டும் முகவரியின் பிரதி செல்கிறது. ஆகவே, உள்ளே சென்ற சார்பு அப்பொருளின் உள்ளடக்கத்தை மாற்றினால் வெளியே தெரியும்; பரமானத்துக்குப் புதிய பொருளை வழங்கினால் தெரியாது. இரண்டு பொருள்களை இடமாற்றும் சார்பு ஒன்றை ஜாவாவில் எழுத முயன்று அது பலிக்காததைக் கண்டவருக்கு இது மறக்காது. பாஸ்கல் மொழியில், மூல மாறியையே கடத்தும்படி ‘வார்’ என்று குறித்த பரமானத்துடன் அதே சார்பு வேலை செய்யும்.

தரவு வகை பற்றிய குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். வகை எப்போது சோதிக்கப்படுகிறது என்பது ஒரு வினா, எவ்வளவு கண்டிப்பாகச் சோதிக்கப்படுகிறது என்பது வேறொரு வினா. இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டு, வகையை அறிவிக்கத் தேவையில்லாத பைதன் தளர்வானது என்று எழுதுகிறார்கள். எழுத்துச்சரமான ‘5’உடன் எண் 3ஐக் கூட்டினால் பைதன் பிழை காட்டி நின்றுவிடுகிறது, ஜாவாஸ்கிரிப்ட் ‘53’ எனத் தந்துவிட்டுத் தொடர்கிறது. இரண்டுமே வகையை ஓட்டத்தின்போதுதான் சோதிக்கின்றன.

மொழியையும் அதனை இயக்கும் மென்பொருளான நிறைவேற்றியையும் ஒன்றெனக் கொள்வது கடைசியாகக் குறிப்பிட வேண்டியது. பைதன் வரிவரியாக இயக்கப்படும் இன்டர்பிரெட்டர் மொழி, சி கொம்பைலர் மொழி என்ற பாகுபாடு பாடசாலைக் குறிப்புக்குப் போதுமானதாக இருக்கலாம். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிபைதன் என்ற நிறைவேற்றிகூட முதலில் மூலநிரலை பைட்கோடு என்ற இடைநிலை வடிவமாக மாற்றுகிறது; பைபை என்ற நிறைவேற்றியோ ஓட்டத்தின்போதே இயந்திரக் கட்டளைகளை உருவாக்குகிறது. ஆகவே பைதன் மெதுவான மொழி என்று விடைத்தாளில் எழுதுபவர், எந்த நிறைவேற்றியில் எவ்வகை வேலைக்கு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.