எபிரேய ஜெபப் புத்தகம் வாசிக்கக் கற்பது எப்படி: பெரியவர்களுக்கு

பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்துச் சபைகளில், சங்கீதங்களை மூலமொழியிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள், வேலை முடிந்து வந்து படிப்பவர்கள். அவர்களுக்கு யூதர்களின் ஜெபப் புத்தகமான ஸித்தூர் நல்ல வாசல், ஏனென்றால் அதில் சங்கீதங்கள் நிறைய உண்டு, அதே வரிகள் தினமும் திரும்பத் திரும்ப வரும். தொடங்கும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: எபிரேயத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்காதீர்கள்.

பம்பரத்தில் முதலில் வரும் 'ப' வேறு, அம்பில் வரும் 'ப' வேறு, ஆனால் நமக்கு எழுத்து ஒன்றுதான். எபிரேயத்தில் அவை இரண்டு தனி எழுத்துகள். பேத் என்ற எழுத்துக்கு உள்ளே புள்ளி இருந்தால் அம்பின் ஒலி, இல்லாவிட்டால் 'வ'. பே எழுத்துக்குள் புள்ளி இருந்தால் பம்பரத்தின் ஒலி, இல்லாவிட்டால் 'ஃப'. தமிழில் எழுதிய தாளை வைத்துக்கொண்டால் கண் அதற்குத்தான் போகும், ஆறு மாதம் ஆனாலும் எபிரேய எழுத்து பழகாது. (இங்கே பெயர்களைத் தமிழில் எழுதுவது வேறு வழியில்லாமல்தான்.)

மொத்தம் 22 எழுத்துகள், வலமிருந்து இடம். ஐந்து எழுத்துகளுக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும், சிரமம் ஜோடிகளில்தான்: பேத்தும் காஃபும், ஹேயும் ஹெத்தும், தாலெத்தும் ரேஷும். தாலெத்தின் மூலை கூர்மையாக இருக்கும், ரேஷின் மூலை வளைந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உபாகமம் 6:4, அதாவது தேவன் ஒருவரே என்று யூதர்கள் அறிக்கையிடும் ஷெமா, தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) சுருளில் எழுதப்படும்போது கடைசிச் சொல்லின் தாலெத்தை வேண்டுமென்றே பெரிதாக எழுதுவார்கள். அதை ரேஷ் என்று வாசித்தால் தேவன் 'ஒருவர்' என்பது 'வேறொருவர்' ஆகிவிடும். ஆகவே கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி, இந்த ஜோடிகளை அருகருகே எழுதிப் பழகுங்கள், அச்செழுத்து போதும், கையெழுத்து வடிவம் இப்போது வேண்டாம்.

உயிர்க்குறிகள் பெரும்பாலும் எழுத்தின் கீழே வரும் சின்னப் புள்ளிகளும் கோடுகளும். மெய்யைச் சொல்லி அதோடு உயிரைச் சேர்ப்பது, உயிர்மெய்யில் வளர்ந்த நமக்குச் சட்டென்று பிடிபடும். ஷ்வா என்ற இரட்டைப் புள்ளி சில இடங்களில் நம் மெய்யெழுத்துப் புள்ளி மாதிரி உயிரே இல்லை என்று காட்டும், சில இடங்களில் லேசான 'எ' ஆகும். அப்புறம் ஒரு விதிவிலக்கு: சொல்லின் கடைசியில் ஹெத் வந்து அதன் கீழே ஒரு படுக்கைக் கோடு இருந்தால் 'அ' முதலில், ஹெத் பிறகு. குறிகள் மிகச் சிறியவை, அதனால் பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம், பலர் கைவிடுவது மொழி கஷ்டமாக இருப்பதால் இல்லை, புள்ளி தெரியாததால்.

ஒலிக்கு ஆள் வேண்டும். ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெரு, 17ஆம் நூற்றாண்டில் மதராஸில் பவழமும் வைரமும் விற்ற யூத வணிகர்களை இன்னும் நினைவூட்டுகிறது, ஆனால் இன்று வடசென்னையில் நடந்து போய்க் கேட்க ஒரு யூத ஜெபக்கூடம் இல்லை, ஒலிப்பதிவுதான் வாத்தியார். ஒரே உச்சரிப்பு மரபின் பதிவையே கேளுங்கள், ஏனென்றால் ஓய்வுநாளை ஒருவர் ஷபாத் என்பார், இன்னொருவர் ஷபோஸ் என்பார், இரண்டும் சரி, கலந்தால் குழப்பம். தொண்டையில் உரசும் ஹெத் வரவில்லையா, மண்ணடியில் குர்ஆன் ஓதத் தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் அரபியின் 'கா' (خ) என்ற எழுத்தைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், இன்றைய எபிரேய ஹெத்துக்கு அது கிட்டத்தட்ட போதும். அழுத்தம் பெரும்பாலும் கடைசி அசையில் விழும், நாம் பழக்கத்தில் முதலசையில் போட்டுவிடுவோம்.

எதை வாசிப்பது? காலையில் எழுந்ததும் சொல்லும் மோதே அனி என்ற சின்ன ஜெபம் முதலில். பன்னிரண்டே சொற்கள் (பெண்கள் மோதா அனி என்பார்கள்). அடுத்து ஷெமாவின் முதல் வரி. பிறகு ஆசீர்வாதங்களின் தொடக்கமான ஆறு சொற்கள், பாரூக் அத்தா என்று ஆரம்பிக்குமே, அது. இந்த மூன்றும் தடுக்காமல் வந்த பிறகு 145ஆம் சங்கீதத்துக்குப் போங்கள், இதை நான் அடித்துச் சொல்வேன். யூதர்கள் தினமும் மூன்று முறை சொல்லும் அஷ்ரே என்ற ஜெபத்தின் உடல் இதுதான். வசனங்கள் அகரவரிசையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொடங்கும், நூன் என்ற எழுத்து மட்டும் விடுபட்டிருக்கும். தமிழ் வேதாகமத்தில் படித்துப் பொருள் ஏற்கெனவே மனதில் இருக்கும், அதனால் அகராதியைத் திறக்காமலே சொற்கள் ஒட்டிக்கொள்ளும். இலக்கணப் புத்தகத்தை அதுவரை தொடவே வேண்டாம். தினமும் பத்து நிமிடம், சத்தமாக, மின்சார ரயிலில் என்றால் உதட்டசைவோடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பயனில்லை.

இன்னொன்று. தேவனுடைய பெயர் நான்கெழுத்தாகவோ இரண்டு யோத் எழுத்தாகவோ அச்சாகியிருக்கும், வாசிக்கும்போது அதோனாய் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் உள்ள தாளை யூதர்கள் குப்பையில் போடமாட்டார்கள், சேர்த்து வைத்து அடக்கம் செய்வார்கள். இன்னொருவருடைய ஜெபத்தை வைத்துக் கற்கிறோம், எனவே உங்கள் ஜெராக்ஸ் தாளும் பழைய பேப்பர் கடைக்குப் போகக்கூடாது. தனி உறையில் வையுங்கள், அல்லது அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுக்காமல் போனில் வாசியுங்கள். ஸெஃபாரியா என்ற இலவசச் செயலியில் ஸித்தூர் இருக்கிறது, எழுத்தையும் பெரிதாக்கிக்கொள்ளலாம்.