செட்டிநாட்டு வீட்டில் கொடி ஏற்றுபவர்களுக்கு

படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு க்ளெமாடிஸ் என்ற பூங்கொடியை வாங்கிவிடாதீர்கள். வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருந்தால்தான் அது பிழைக்கும். காரைக்குடிச் சித்திரை வெயில் அதற்கு ஆகாது. நம் செம்மண்ணுக்கு ரங்கூன் மல்லி, காகிதப்பூ, முல்லை, சங்குப்பூ போதும்.

பழைய வீடு என்றால், வேர்விட்டுச் சுவரில் ஒட்டி ஏறும் கொடியே வேண்டாம். பிடுங்கும்போது சுண்ணாம்புப் பூச்சும் கூடவே பெயர்ந்து வரும். அதே பூச்சைத் திரும்பப் பூச இன்றைக்குக் கொத்தனார் கிடைப்பது லேசா என்ன? சுவரில் ஆணியும் அடிக்காமல், அரை அடி தள்ளிச் சவுக்குக் கழி நட்டு, குறுக்கே கம்பி இழுத்து அதில் ஏற்றுங்கள்.

கொடியை அதன் போக்கில் விட்டால் உச்சியில் மட்டும் பூக்கும், கீழே மொட்டையாக நிற்கும். தண்டு இளசாக இருக்கும்போதே வளைத்துப் படுக்கைவாட்டில் கட்டினால் கணுவுக்குக் கணு பக்கத் தளிர் வரும். கட்டுவதற்கு வாழைநார் போதும், தளர்வாக இருக்கட்டும்.

அப்புறம் கவாத்து. காகிதப்பூவும் ரங்கூன் மல்லியும் புதுத் தளிரில்தான் பூக்கும். அதனால் ஒரு சுற்று பூத்து ஓய்ந்ததும் தயங்காமல் வெட்டுங்கள். காகிதப்பூவுக்குத் தண்ணீரையும் கொஞ்சம் குறைக்கலாம். காய்ந்தால்தான் அது நன்றாகப் பூக்கும். முல்லையைப் புதராக வளர்ப்பவர்கள் ஜனவரி கடைசியில் தரையிலிருந்து 45 செ.மீ. விட்டு வெட்டலாம். சங்குப்பூவுக்குக் கத்தரியே தேவையில்லை, காய்களை முற்றவிடாமல் பறித்தால் சரி.