டிராட்ஸ்கியின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் எழுதப் புகுவோருக்கு

ரஷ்யப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான லியோன் டிராட்ஸ்கியின் வாழ்க்கையை எழுதுகிறவர்களில் பலர் 1917ஆம் ஆண்டுப் புரட்சியில் தொடங்கி, 1940இல் மெக்ஸிகோவில் அவர் கொல்லப்பட்டதற்கு ஒரே தாவலில் போய்விடுகிறார்கள். ஆனால் அவர் அதிகாரம் இழந்தது 1922க்கும் 1925க்கும் இடைப்பட்ட காலத்தில்தான். நாடுகடத்தலும் கொலையும் அதன் விளைவுகள். ஆகவே, கட்டுரையின் பாதியையாவது அந்த மூன்றாண்டுகளுக்கு ஒதுக்கிவிட்டு எழுத உட்காருங்கள்.

முதலில் தேதிகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 1918 பிப்ரவரி வரை ரஷ்யாவில் பழைய நாட்காட்டியே வழக்கில் இருந்தது. அது இன்று நாம் பின்பற்றும் புதிய நாட்காட்டியைவிட 19ஆம் நூற்றாண்டில் 12 நாட்களும் 20ஆம் நூற்றாண்டில் 13 நாட்களும் பின்தங்கியிருந்தது. டிராட்ஸ்கி பிறந்தது பழைய கணக்கில் 1879 அக்டோபர் 26. புரட்சி நடந்தது 1917 அக்டோபர் 25. புதிய கணக்கில் இரண்டுமே நவம்பர் 7ஆக வந்து விழுகின்றன. எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஏற்றத்தைச் சுருக்கமாக எழுதலாம், ஏனெனில் அதில் பெரிய சிக்கல் இல்லை. 1905இல் பீட்டர்ஸ்பர்க் சோவியத்தின் (தொழிலாளர் மன்றத்தின்) தலைமை, 1917 இலையுதிர்காலத்தில் அதே நகரின், அப்போதைய பெயரில் பெத்ரோகிராத், சோவியத்தின் தலைமை, 1918 மார்ச்சில் போர்த்துறை ஆணையர் பதவி, ஜார் காலத்து அதிகாரிகளையே பணியில் அமர்த்தி 1920க்குள் சுமார் 50 லட்சம் பேர் கொண்டதாக வளர்ந்த செஞ்சேனை, போர்முனைகளுக்கிடையே அவர் ஓயாமல் சென்றுவந்த கவச ரயில் ஆகியவை போதும். இரண்டு செய்திகளை மட்டும் விட்டுவிடக் கூடாது. லெனின் தலைமையிலான போல்ஷ்விக் கட்சியில் அவர் சேர்ந்தது 1917இல்தான். அதற்கு முன் பல ஆண்டுகள் லெனினைக் கடுமையாகச் சாடி எழுதியவர், அந்தப் பழைய எழுத்துகளை எதிரிகள் பின்னர் தேடி எடுத்து அச்சிட்டார்கள். 1921 மார்ச்சில் கிரான்ஸ்டாட் கடற்படை வீரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது போர்த்துறையின் பொறுப்பில் இருந்தவரும் அவரே. அவர்மீது பரிவு கொண்டவர்கள் இதை ஓரமாக ஒதுக்குவது வழக்கம், நீங்கள் ஒதுக்காதீர்கள்.

வீழ்ச்சிக்கு வரும்போது ஒரு தாளை நெடுக்காக இரண்டாக மடித்து, ஒரு பக்கம் டிராட்ஸ்கி செய்ததையும் மறுபக்கம் கட்சிச் செயலகம் செய்ததையும் மாதவாரியாகக் குறித்துக்கொள்வது நல்லது. 1922 ஏப்ரலில் ஸ்டாலின் பொதுச் செயலாளரானார். மாகாணங்களில் கட்சிச் செயலாளர்களை அமர்த்துவதும் மாற்றுவதும் அந்த அலுவலகத்தின் கைக்கு வந்தன. அதே ஆண்டு மே மாதத்தில் லெனின் நோயில் விழுந்தார். லெனின் அளிக்க முன்வந்த அரசுத் துணைத்தலைவர் பொறுப்பை டிராட்ஸ்கி ஏற்க மறுத்தார். 1923 மார்ச்சில், ஜார்ஜியக் கட்சித் தலைவர்களை ஸ்டாலின் தரப்பு அடக்கிய ஜார்ஜியா விவகாரத்தில் தமக்காக வாதாடும்படி லெனின் அவருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரலில் கூடிய 12ஆவது கட்சிக் காங்கிரசில் டிராட்ஸ்கி அந்தப் போரைத் தொடுக்கவில்லை. 1924 ஜனவரியில், லெனின் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே, கட்சி மாநாடு டிராட்ஸ்கியின் எதிரணியைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. லெனின் பெயரால் நடந்த சேர்க்கையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட புதியவர்கள் கட்சிக்குள் வந்தார்கள். 1925 ஜனவரியில் போர்த்துறைப் பதவியும் போயிற்று.

தாளில் இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால், லெனினின் இறுதிச் சடங்குக்கு அவர் வராததே வீழ்ச்சிக்குக் காரணம் என்ற பரவலான கதை நிற்காது என்பது விளங்கும். சிகிச்சைக்காகக் கருங்கடல் கரையிலுள்ள சுகுமிக்குப் பயணப்பட்டிருந்த தமக்குச் சடங்கின் நாள் தவறாகச் சொல்லப்பட்டது என்பது அவர் தரப்புக் கூற்று. அதை அவர் கூற்றாகவே எழுதுங்கள்.

காரணங்களை எழுதுமிடத்தில் ஸ்டாலினின் சூழ்ச்சியை மட்டும் சொல்லி நிறுத்துவது சோம்பேறித்தனம். அன்று ஸ்டாலினோடு கைகோத்து நின்றவர்கள் கட்சியின் மூத்த தலைவர்களான ஜினோவியேவும் காமனேவும். கட்சிக்குள் தனிக் குழுக்கள் கூடாது என்று 1921இல் 10ஆவது காங்கிரஸ் விதித்த தடையை டிராட்ஸ்கியும் ஏற்றுக்கொண்டிருந்தார்; அவர் எதிர்ப்புக் குரல் எழுப்பியபோது அந்தத் தடையே அவர்மீது பாய்ந்தது. ஸ்டாலினைப் பொதுச் செயலாளர் பதவியிலிருந்து அகற்றச் சொன்ன லெனினின் கடிதம் மறைக்கப்பட்டதாக வெளிநாட்டில் செய்தி வந்தபோது, 1925இல் கட்சித் தலைமையின் நெருக்குதலுக்குப் பணிந்து அதை மறுத்துக் கையெழுத்திட்டவரும் அவரே. என்னைக் கேட்டால், அவருடைய வீழ்ச்சியை விளங்கிக்கொள்ள இந்த ஒரு கையெழுத்தே பல பக்கச் சொற்பொழிவுகளைவிட உதவும்.

ஆதாரங்களில் எச்சரிக்கை தேவை. அவருடைய தன்வரலாறு, துருக்கியின் பிரின்கிபோ தீவில் தோற்றவராக இருந்து எழுதியது. நடை அழகானது, ஆதலால் எளிதில் நம்பவைக்கும். ஸ்டாலின் காலத்துச் சோவியத் வெளியீடுகளோ அவரைப் புகைப்படங்களிலிருந்தே அழித்தவை: 1920 மே 5 அன்று மாஸ்கோவில் லெனின் உரையாற்றும் படத்தில் மேடைப் படியில் நின்ற அவரும் காமனேவும் பின்னாளில் காணாமற்போனார்கள். தமிழில் படிப்பவர்களுக்கு இலங்கையின் லங்கா சமசமாஜக் கட்சி வழியாக வந்த எழுத்துகளும் கிடைக்கலாம். அக்கட்சி டிராட்ஸ்கியவாதிகளின் சர்வதேச அமைப்பான நான்காம் அகிலத்தைச் சார்ந்திருந்து, 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசில் சேர்ந்ததால் அதிலிருந்து விலக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

அல்மா ஆட்டா, துருக்கி, பிரான்ஸ், நார்வே, மெக்ஸிகோ என்று நீளும் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பத்தி போதும். அதற்காக நூல்களைத் தேடும்போது பதிப்பாண்டைப் பார்த்துவிடுங்கள்: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ள அவருடைய தாள்களில் வெளிநாட்டு வாழ்க்கைக் காலத்துக் கடிதங்கள் 1980 ஜனவரியில்தான் பொதுவில் திறக்கப்பட்டன.