அலெக்சாந்திரியா வெண்கலக் காசை இனங்காண்பது எப்படி?

கி.பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறிய உரோம வெண்கலக் காசுகள் இலங்கை மண்ணில் பெருமளவில் கிடைத்திருப்பதால், திருகோணமலையில் இருந்துகொண்டு இவற்றைப் பயில விரும்புபவர் எகிப்தின் அலெக்சாந்திரியா போன்ற ஒரேயொரு அக்கசாலையை, அதாவது காசடிக்கும் நிலையத்தை, தெரிவுசெய்து தொடங்குவதே நல்லது.

முதலில் பின்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். உருவங்களின் காலடிக் கோட்டுக்குக் கீழே உள்ளதுதான் அக்கசாலைக் குறி. அதில் நகரப் பெயரின் முதல் இரண்டு அல்லது மூன்று இலத்தீன் எழுத்துகளும், அவற்றையடுத்து, எந்தப் பட்டறையில் அடிக்கப்பட்டது என்பதைச் சுட்டும் ஓர் எழுத்தும் இருக்கும். தேய்ந்த காசில் இது மற்றோர் அக்கசாலை நகரான அந்தியோக்கியாவின் குறியோடு எளிதில் குழம்பும் என்பதால், நகரப் பெயரின் இரண்டாம் எழுத்து 'எல்' தானா, 'என்' ஆ என்று சாய்ந்த வெளிச்சத்தில் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தாலும் உருவம் காலத்தைச் சொல்லும்: இரு போர்வீரருக்கிடையே இரண்டு படைச்சின்னக் கம்பங்கள் நின்றால் அது 330ஐ அடுத்த ஆண்டுகளுக்குரியது, ஒன்று மட்டும் நின்றால் ஏறத்தாழ 335க்குப் பிந்தியது.

பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியோ தேசிக்காயோ இட்டுத் தேய்க்கவே கூடாது. அமிலம் மேற்படலத்தோடு எழுத்தையும் தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மரக்குச்சியால் மண்ணை அகற்றினால் போதும். இளம்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது பரவும் அரிப்பு. நமது உப்புக்காற்றில் அது விரைந்து வளரும் என்பதால் அக்காசை உடனே பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வையுங்கள்.

இங்கே நிலத்தில் கண்டெடுத்த காசை வைத்துக்கொள்ளாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அது அரசுடைமை ஆதலால், கிடைத்த இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.