பழைய இங்கிலீஷ் போன் சைனா: முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பழைய இங்கிலீஷ் போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்து செய்யும் மெல்லிய பீங்கான்) சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் கையில் ஒரு கோப்பை கிடைத்ததும் முதலில் செய்வது அதைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான். ராயல் ஆல்பர்ட், வெட்ஜ்வுட், ஷெல்லி என்று தெரிந்த கம்பெனிப் பெயர் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பர்ஸ் வெளியே வந்துவிடுகிறது. பணம் வீணாகிற தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பிக்கின்றன. முத்திரையைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்து முடித்த பிறகு பாருங்கள் என்கிறேன்.

முதலில், கையில் இருப்பது போன் சைனாதானா? பெயர் பெற்ற கம்பெனி என்பதாலேயே அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் பீங்கான் தொழில் நகரமான ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் 1790களில், மாட்டு எலும்பைச் சுட்டு எடுத்த சாம்பலைச் சீனக் களிமண்ணோடும் கார்ன்வால் பகுதியில் கிடைக்கும் ஒருவகைக் கல்லோடும் சேர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தியது ஸ்போட் குடும்பம். பழைய கணக்கில் பாதி எலும்புச் சாம்பல், மீதியில் மற்ற இரண்டும் சரிபாதி. (சுத்த சைவ வீட்டுக்கு யாருக்காவது பரிசாகக் கொடுக்க நினைத்தால் இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பின்னால் தெரிந்து சங்கடப்படுகிறவர்கள் உண்டு.) ஆனால் அதே ஸ்போட்டின் பெயரில் மிக அதிகமாகச் சந்தையில் கிடைக்கிற, 1816இல் வந்த ‘ப்ளூ இட்டாலியன்’ போன் சைனா இல்லை, மண்பாண்ட வகை (இயர்தன்வேர்). ராயல் வூஸ்டரின் ‘எவ்ஷம்’ அடுப்பில் வைக்கச் செய்த போர்ஸலின், அதாவது எலும்புச் சாம்பல் சேராத பீங்கான். ஜான்சன் பிரதர்ஸின் நீலத் தட்டுகளும் மண்பாண்டமே. வெட்ஜ்வுட் 1812இல் போன் சைனா செய்யத் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் கைவிட்டு, மறுபடி 1878இல்தான் ஆரம்பித்தது. எல்லாமே அழகான பொருட்கள்தான், ஆனால் போன் சைனா விலை கொடுத்து வாங்க வேண்டியவை அல்ல.

சோதிப்பது சுலபம். ஒரு விளக்குக்கு முன்னால் பிடித்து, பின்பக்கம் விரல்களை வைத்துப் பாருங்கள். போன் சைனா என்றால் விரல் நிழல் தெரியும், ஊடுருவும் ஒளி கொஞ்சம் மஞ்சள் கலந்த, பால் ஆடை நிறத்தில் இருக்கும். மண்பாண்ட வகையில் ஒன்றும் தெரியாது. மற்ற போர்ஸலினிலும் ஒளி வரும், ஆனால் பெரும்பாலும் சாம்பல் அல்லது நீலச் சாயலில். மெருகில், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சில், வலை வலையாக விரிசல் ஓடியிருந்தாலும் யோசியுங்கள், போன் சைனாவில் அது அபூர்வம்.

அடுத்தது வருடம். அடியில் ‘1775’ என்று அச்சடித்திருக்கும், உடனே இருநூற்றைம்பது வருடப் பழசு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆய்ன்ஸ்லி கம்பெனி தன் பூர்வீகமாகச் சொல்லிக்கொள்ளும் வருடம் அது. வெட்ஜ்வுட்டின் 1759ம் அப்படித்தான். கோப்பை நேற்று செய்ததாகக்கூட இருக்கலாம். உண்மையில் உதவுகிற தடயங்கள் வேறு. 1891இல் அமெரிக்கா தன் சுங்கச் சட்டத்தில் இறக்குமதிப் பொருட்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் ‘இங்கிலாந்து’ என்ற சொல் முத்திரைகளில் வழக்கமானது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுதாக இருந்தால் அனேகமாக இருபதாம் நூற்றாண்டு. ‘போன் சைனா’ என்ற சொல்லையே முத்திரையில் போட்டிருந்தால் அதுவும் இருபதாம் நூற்றாண்டுதான், அந்தக் கோப்பையை விக்டோரியா காலத்தது என்று ஒருவர் விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

‘ஆர்.டி. நம்பர்’ என்று ஓர் எண் இருந்தால் இன்னும் குழப்பம். அது வடிவத்தைப் பதிவு செய்த எண், 1884இலிருந்து வரிசையாகப் போகிறது. அதைப் பட்டியலில் தேடி வருடத்தைக் கண்டுபிடித்து, அந்த வருடமே செய்தது என்று அடித்துச் சொல்வார்கள். ஷெல்லியின் ஆறு மடிப்பு ‘டெய்ன்ட்டி’ கோப்பைகளில் இருக்கும் 272101 என்ற எண் 1896இன் பதிவு. ஆனால் ஷெல்லி என்ற பெயர் முத்திரையில் வந்ததே 1910 வாக்கில்தான், கம்பெனியோ 1966 வரை ஓடியது. அப்படியானால் அந்த எண் சொல்வதெல்லாம் கோப்பை 1896க்கு முந்தியது இல்லை என்பது மட்டும்தான். சரியான வருடமே வேண்டும் என்கிறவர்கள் ராயல் கிரவுன் டெர்பி, ராயல் வூஸ்டர் பக்கம் போகலாம். அவர்கள் ஆண்டுதோறும் மாறுகிற சின்னக் குறிகளை நெடுங்காலம் பயன்படுத்தினார்கள், பட்டியலோடு ஒப்பிட்டால் போதும்.

ராயல் ஆல்பர்ட்டின் ‘ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்’ பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அனேகமாக எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஹரோல்ட் ஹோல்ட்கிராஃப்ட் வடிவமைத்து 1962இல் வந்தது. உலகத்திலேயே மிக அதிகமாக விற்ற பீங்கான் வடிவங்களில் ஒன்று. ஆக ‘அரிய பொருள்’ என்று எவராவது எழுதியிருந்தால் அந்த விற்பனையாளரின் மற்ற பேச்சையும் நம்ப வேண்டாம். அடியில் உள்ள 1962 வடிவத்தின் உரிமை வருடம், புதிய கோப்பைகளிலும் இருக்கும். தயாரிப்பு 2000களில் இந்தோனேசியாவுக்குப் போய்விட்டது. அங்கே செய்ததை ‘வின்டேஜ் இங்கிலீஷ்’ விலைக்கு வாங்குவது இன்றைக்கும் நடக்கிறது. புதியது மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை, நீங்கள் தேடுவது அது இல்லை என்பதுதான் விஷயம்.

விற்பவர் சொல்லும் கதைக்கும் விலை கொடுக்காதீர்கள். ‘1945இல் பாட்டியின் கல்யாணத்துக்கு வாங்கியது’ என்று ஒரு பூப்போட்ட டீ செட்டைக் காட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரின் நடுவே தொடங்கி, 1942இலிருந்து 1952 வரை, பிரிட்டனில் உள்நாட்டு விற்பனைக்கு அலங்காரப் பீங்கான் கொடுக்கவே தடை இருந்தது. பூவும் தங்கமும் ஏற்றுமதிக்கு, ஊர்க்காரர்களுக்கு வெறும் வெள்ளை. அந்தப் பாட்டிக்குப் போருக்கு முந்திய சரக்கு கிடைத்திருக்கலாம், கனடாவிலிருந்து யாராவது அனுப்பியிருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அது ஐம்பதுகளின் செட்.

முத்திரைக்குக் குறுக்கே ஒரு கீறல் இருந்தால், அது தேய்மானம் இல்லை. தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதற்கான அடையாளம், வேண்டுமென்றே மெருகை வெட்டிப் போடுவார்கள். குமிழி, கரும்புள்ளி, லேசான கோணல் என்று ஏதோ ஒரு குறை இருந்திருக்கும். தினசரிக்குத் தாராளமாக வாங்கலாம், முதல் தர விலைக்கு மட்டும் வேண்டாம். ஆன்லைனில் முத்திரைப் படம் மங்கலாகவோ ஓரம் வெட்டியோ இருந்தால் தெளிவான படம் கேளுங்கள். கேட்டும் அனுப்பாதவரிடம் வாங்க வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தட்டின் அடியில் முக்கோணமாக மூன்று சின்னப் புள்ளிகள் இருக்கும், உடைந்த சில்லு என்று நினைத்து நல்ல தட்டை வைத்துவிட்டுப் போவார்கள். சூளையில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் இருக்க வைத்த மூன்று முனைத் தாங்கியின் தடம் அது.

உண்மையான சேதத்தைக் கண்ணைவிடக் காதும் விரலும் சீக்கிரம் பிடிக்கும். கோப்பையை உள்ளங்கையில் வைத்து, விளிம்பில் நகத்தால் மெல்லத் தட்டுங்கள். நல்ல போன் சைனா மணி போல் ஒலித்து அடங்கும், எங்கோ மயிரிழை விரிசல் இருந்தால் மந்தமாக ‘டக்’ என்று நின்றுவிடும். (கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தட்டிவிட்டு ஒலி சரியில்லை என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.) அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். கைப்பிடி உடலோடு சேருகிற இரண்டு இடங்கள், தேநீர்ப் பானையின் மூக்கு நுனி, மூடியின் உள் விளிம்பு, இவற்றில்தான் முதலில் போகும். ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடித்த இடம் பீங்கானைவிடச் சற்று வெதுவெதுப்பாகவும் மிருதுவாகவும் இருக்கும், புற ஊதா டார்ச் அடித்தால் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும். விலையுயர்ந்த பொருள் வாங்கப் போனால் அந்த டார்ச்சைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், விலை ரொம்பக் குறைவு.

‘கையால் வரைந்தது’ என்பதை அப்படியே நம்புவது இன்னொன்று. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். செய்தித்தாள் படம் போலப் புள்ளி புள்ளியாக இருந்தால் அச்சு. அச்சுக் கோட்டுக்குள் பெண் தொழிலாளர்கள் நிறம் நிரப்பியதும் நிறைய உண்டு, அதுவும் கைவேலைதான், ஆனால் முழு ஓவியம் இல்லை. ஓவியரின் கையெழுத்து இருக்கிறதே என்பீர்கள். ஆய்ன்ஸ்லியின் ‘ஆர்ச்சர்ட் கோல்ட்’ பழப்படங்களில் பெரும்பாலும் கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. ராயல் வூஸ்டரில் ஸ்டின்டன் குடும்பத்தார் கையால் வரைந்த மாடுகளும் உண்டு, பிற்காலத்துப் பழ அச்சுப் படங்களும் உண்டு, விலை வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்.

செட்டாக வாங்கும்போது எண்ணுங்கள். இங்கிலீஷ் டீ செட் என்றால் வழக்கமாக 21 உருப்படி: ஆறு கோப்பை, ஆறு சாஸர், ஆறு சிறு தட்டு, ஒரு ரொட்டித் தட்டு, பால் குடுவை, சர்க்கரைக் கிண்ணம். தேநீர்ப் பானை அதில் கிடையாது! தனியாக விற்றார்கள், குறைவாக விற்றது, அதிகமாக உடைந்தது. ஆகவே செட்டை மலிவாக வாங்கிவிட்டு, பானையைப் பின்னால் தேடிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் செட்டுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகப் பானைக்குக் கொடுக்க நேரலாம். பானை கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோப்பையும் சாஸரும் ஒரே ஜோடிதானா என்பதையும் பாருங்கள், சாஸரின் குழியில் கோப்பை ஆடாமல் உட்கார வேண்டும், அடியில் கையால் எழுதிய வடிவ எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பூ ஒன்றாக இருந்தும் வெள்ளை வேறு வேறாக இருப்பது சகஜம், பகல் வெளிச்சத்தில் வைத்தால் தெரிந்துவிடும்.

விலைக்கு வந்தால், இ-பேயில் கேட்கிற விலை விலையே இல்லை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடிப் பாருங்கள். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலையோடு வாங்குபவர் கட்டணமும் அதன் மேல் வரியும் சேரும், ஏலம் கேட்பதற்கு முன்பே கூட்டிப் பார்க்க வேண்டிய கணக்கு அது. பெரிய டின்னர் செட்டுகளின் விலை விழுந்துகிடக்கிறது, இன்றைய வீடுகளில் பன்னிரண்டு பேர் விருந்தும் இல்லை, வைக்க அலமாரியும் இல்லை. வைத்திருந்தால் ஏறும் என்று முதலீடாக வாங்குவது என் பார்வையில் வீண் வேலை. பிடித்திருந்தால் வாங்குங்கள், அவ்வளவுதான்.

ஸ்டோக் பக்கம் போக வாய்த்தால் ஹான்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்தையும், லாங்டனில் பழைய சூளைகளோடு இருக்கும் கிளாட்ஸ்டன் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். நூறு படங்கள் பார்ப்பதைவிட அங்கே ஒரு மணி நேரம் கண் பழகும்.

வாங்கிய பிறகு கெடுப்பது தனிக் கலை. போன் சைனாவில் நிறமும் தங்கமும் பெரும்பாலும் மெருகுக்கு மேலே இட்டு, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டவை, அதனால்தான் எளிதில் தேயும். டிஷ்வாஷர் தங்கத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும், மைக்ரோவேவில் தங்கக் கோடு தீப்பொறி கக்கும். தேநீர்க் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துத் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும், ப்ளீச் வேண்டாம், விரிசல் வழியாக உள்ளே போனால் மெருகை உரித்துவிடும். மூடியைப் பானையோடு செலோடேப் போட்டு ஒட்டி பார்சல் அனுப்புகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், டேப்பைப் பிரிக்கும்போது தங்கமும் கூடவே வரும், ஆர்டர் செய்யும்போதே வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். விலை ஸ்டிக்கரும் அப்படியே, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு எடுங்கள். பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் ஊறுகாய், புளி, எலுமிச்சை சேர்ந்தது எதையும் அவற்றில் போட்டு வைக்காதீர்கள். கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வேண்டாம், கொக்கியில் தொங்கவிடவும் வேண்டாம், முழுக் கனமும் கைப்பிடி ஒட்டிய இடத்தில் விழும். தட்டுகளுக்கு நடுவே ஒரு மெல்லிய துணி அல்லது டிஷ்யூ வைத்துவிடுங்கள், மேல் தட்டின் அடிவளையம் கீழ்த் தட்டின் பூவைச் சுரண்டாமல் இருக்கும். சுவரில் மாட்ட ஸ்பிரிங் கம்பி வாங்கினால் பிளாஸ்டிக் உறை போட்டதாக, தட்டின் அளவுக்குச் சற்றுத் தளர்வாக வாங்குங்கள், இறுக்கமான கம்பி விளிம்பில் நான்கு சில்லுகளை எடுத்துவிடும்.