ஜப்பானில் கோடைச் சுற்றுலா: ஜூலையே மேல்

சிறு குழுவாக ஜப்பான் செல்பவர்கள் ஆகஸ்ட் நடுவில் வரும், முன்னோரை நினைவுகூரும் ஓபோன் பண்டிகை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆளாளுக்குச் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். ரயிலில் இடம் கிடைப்பது பெரும்பாடு. ஜூலை 17 அன்று கியோட்டோவில் இருந்தால் கியோன் திருவிழாவின் தேரோட்டத்தைக் காணலாம். முச்சந்தி, நாற்சந்தி பார்த்து நில்லுங்கள்: சக்கரத்தடியில் பிளந்த மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அந்தப் பெருந்தேரைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்புவார்கள். அழகென்றால் அதுதான் அழகு!

ஆனால் கியோட்டோவின் ஜூலைப் புழுக்கம் தாங்காது. அதனால் அடுத்து, சுமார் 800 மீட்டர் உயரமுள்ள கோயாசான் மலைக்குப் போய்விடுங்கள். புத்த மடங்களிலேயே தங்கலாம். எள்ளில் செய்த தோஃபு உட்பட அனைத்தும் சைவம். மற்ற ஊர்களில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு கலந்திருப்பது வழக்கம் என்பதால், சைவ உணவுக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.